டொல்பின் வேன்

வாடகை வேனுக்கு டொல்பின் என்று பேர்.
கடல் பார்க்காத டொல்பின் என்றான் கவிஷான்,
மாட்டைத் தட்டுவதுபோல் கதவைத் தட்டி.
நாங்களும் பார்த்ததில்லை. புவனாவைத் தவிர.

புவனா என் நாத்தனார்.
குவைத்தில் ஐந்து வருஷம்
பதினோராம் மாடிக் கண்ணாடியை
உள்பக்கமிருந்து துடைத்தாள்.
வெளிப்பக்கம் முழுக்கக் கடல்.
ஒருநாளும் கீழே இறங்க விடவில்லை.
வேன் காசு அவள்தான் கட்டினாள்.
"கிரிந்தையில முழங்கால் வரைக்கும்," என்றாள்.
"அதுக்கு மேல வேணாம்."

லிந்துலையில் இருட்டோடு கிளம்பினோம்.
வெலிமடை வரும்வரை பொட்டலம் பிரிக்கக்கூடாது,
அது நான் போட்ட சட்டம்.
நானுஓயா தாண்டவில்லை, ரொட்டி வாசம் மீறிவிட்டது.
கட்டசம்பல் லோகனின் விரலில்,
விரலிலிருந்து ஸ்டியரிங்கில்,
ஹக்கலை வளைவில் அவர் கண்ணைத் துடைத்தபோது
வேன் ஒரு கணம் யோசித்தது.

வெலிமடையில் அவித்த சோளம்.
மடலோடு உள்ளங்கையைச் சுட்டது.
டிலுக்ஷி கொழுந்தெடுக்கிற மாதிரி
நிரை விடாமல் தின்றாள்.
பொரலந்தையில் பேரிக்காய், மிளகாய்த்தூள் தூவி.
புளிக்குதே, குறைச்சுக் குடு என்றேன்.
புளிப்புக்குத்தான் காசு என்றாள் விற்றவள்.

ஹப்புத்தளையில் மேகம் உள்ளே வந்து
எங்களோடு உட்கார்ந்தது.
அங்கேதான் இறால் வடை.
வடைக்கு ஓர் இறால், மீசையோடு, முதுகு வளைந்து.
"இது எப்பிடி இவ்வளவு உயரம் ஏறுச்சு?"
"நாம இறங்குற ரோட்டாலதான்."

அந்த ரோடு பெரகலைக்குக் கீழே இல்லை.
ராத்திரி மழையில் மேட்டுப்பக்கம்
ஒரு பலாமரத்தோடு, ஒரு மைல்கல்லோடு
நகர்ந்து வந்து குறுக்கே படுத்திருந்தது.
யாருக்கும் ஒன்றுமில்லையே, என்று கேட்டோம்.
எங்கள் பக்கம் முதலில் அதைத்தான் கேட்போம்.
இல்லை.
பிறகுதான் கடலை நினைத்தோம்.
பெக்கோ அள்ளிக்கொண்டிருந்தது. நாளைக்குத்தானாம்.

பஸ் மாறுகிறவர்கள் மண்மேல்
ஒற்றையடிப் பாதை போட்டிருந்தார்கள்.
அதில் ஏறி இறங்கினால்
அந்தப் பக்கம் ஒரு மீன் லொறி, கிரிந்தையிலிருந்து,
பண்டாரவளைச் சந்தைக்குப் போகவேண்டியது.
ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.
பாரை பாதி விலை, சாளை சும்மா மாதிரி.
புவனா பேரம் பேசினாள்.
கோபத்தில் சிங்களம் தீர்ந்து அரபு வந்தது.
லொறிக்காரர் மிரண்டு இன்னும் நூறு குறைத்தார்.

நான் மீனைத் திருப்பிச் செவுளைப் பார்த்தேன்.
நிமிர்ந்தபோது அவள்
லொறியின் பின்னால் நின்றிருந்தாள்,
கடலுக்கென்று வாங்கிய செருப்பைக் கையில் பிடித்து.
பெட்டிகளிலிருந்து வழிந்த தண்ணி
செதிலும் ரத்தமும் உப்புமாகத்
தார்ரோட்டில் இறங்கி
அவள் பாதத்தைச் சுற்றிப் போனது.
"குளிருது," என்றாள்.
யாரிடம் என்று தெரியவில்லை.
நான் மறுபடி செவுளைப் பார்த்தேன்.

ரோட்டு வேலைக்காரர்களின் தகரம், அவர்கள் நெருப்பு.
என் பையில் மஞ்சள், மிளகாய், உப்பு.
வெளியே கருகி, முள்ளருகே வேகாமல்,
எலுமிச்சை இல்லாமல், தட்டு இல்லாமல்,
மிஞ்சிய ரொட்டியில் வைத்து
பஸ்ஸுக்கு நின்றவர்களும் தின்றார்கள்.
லொறிக்காரர் தன் மீனைத் தானே வாங்கித் தின்று
உப்பு கூட என்றார்.
கவிஷானுக்குத் தொண்டையில் முள்.
சோற்றுருண்டைக்குச் சோறில்லை,
டிலுக்ஷியின் மிச்சச் சோளத்தை விழுங்கச் சொன்னோம்.
போனது.

திரும்பும்போது எல்லோரும் தூக்கம்.
புவனா மட்டும் கண்ணாடியில் நெற்றியை வைத்து,
"அண்ணி, கணுக்கால் வரைக்கும் ஆச்சு," என்றாள்.
"முழங்கால் பாக்கி."

வேன் முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு
கழுவக் கூலி ஆயிரத்தைந்நூறு என்றார்.
டொல்பினில் மீன் வாடை வராமல்
வேறு என்ன வரும் என்றார் லோகன்.
முதலாளி சிரிக்கவில்லை.
புவனாதான் எண்ணிக் கொடுத்தாள்,
நோட்டு நோட்டாக, வாய்க்குள்,
அரபில்.